மைக்ரோவேவில் ஒரு கோப்பை சாக்லேட் கேக்: ஏன் இறுகிப் போகிறது?

இரவுப்பசி:
எல்லோருக்கும் வணக்கம். ஒரே ஒருவருக்கு மட்டும், ஒரு கோப்பையிலேயே கலந்து, மைக்ரோவேவில் சாக்லேட் கேக் செய்து வருகிறேன். கையில் இருக்கும் குறிப்பு இது: மைதா 4 மேசைக்கரண்டி, சர்க்கரை 4, கோகோ தூள் 2, முழு முட்டை ஒன்று, பால் 3, எண்ணெய் 3, பேக்கிங் பவுடர் அரை தேக்கரண்டி. நன்றாக அடித்து முழு பவரில் 2 நிமிடம்.

பொங்கி மேலே வருகிறது, விளிம்பைத் தாண்டி வழிகிறது, கதவைத் திறந்ததும் அமுங்கிவிடுகிறது. முதல் இரண்டு வாய் பரவாயில்லை. பாதி சாப்பிடுவதற்குள் ரப்பர் மாதிரி இழுக்கிறது. முட்டை வாசனையும் தூக்கலாக இருக்கிறது. எதை மாற்றினால் சரியாகும்? காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

சல்லடை:
குறிப்பைப் படித்ததுமே மூன்று இடங்கள் உறுத்துகின்றன: முட்டை, பேக்கிங் பவுடர், அந்த 2 நிமிடம்.

முட்டையில் ஆரம்பிக்கிறேன். 4 மேசைக்கரண்டி மைதாவைத் தலைதட்டி அளந்தால் சுமார் 30 கிராம். ஓடு நீக்கிய முட்டை ஏறக்குறைய 50 கிராம். அதாவது மாவைவிட முட்டை அதிகம். பெரிய கேக்குகள் பலவற்றில் 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை அளவில்தான் போடுகிறோம். வெள்ளைக்கரு 62 டிகிரி செல்சியஸ் வாக்கில் உறையத் தொடங்கி, 80ஐ எட்டும்போது கெட்டியாகிவிடும். கேக் வேகவோ 95 டிகிரிக்கு மேல் போக வேண்டும். இவ்வளவு வெள்ளைக்கரு அந்தச் சூட்டைப் பார்த்தால் இறுகாமல் என்ன செய்யும்? நீங்கள் சொல்லும் வாசனையும் அதனால்தான். ஒரு கோப்பைக்கு முட்டையே வேண்டாம். மைதாவில் இருக்கும் மாவுச்சத்தும் குளூட்டன் என்ற புரதமும் சேர்ந்து இந்த அளவு கேக்கைத் தாராளமாகத் தாங்கிவிடும்.

பேக்கிங் பவுடர் 30 கிராம் மாவுக்குக் கால் தேக்கரண்டி போதும். அரை தேக்கரண்டி போட்டால் குமிழிகள் பெரிதாகி, சுவர் பிடிப்பதற்குள் உடைந்துவிடும். வழிவதற்கும் அமுங்குவதற்கும் முக்கியக் காரணம் அதுதான்.

நான் செய்யும் அளவு: மைதா 4 மேசைக்கரண்டி, கோகோ தூள் 2, சர்க்கரை 3, பேக்கிங் பவுடர் கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, பால் 4 மேசைக்கரண்டி, வாசனை இல்லாத சமையல் எண்ணெய் 2, வெனிலா இரண்டு சொட்டு. மேசைக்கரண்டி என்றால் 15 மில்லி, தேக்கரண்டி என்றால் 5 மில்லி. சாப்பாட்டுக் கரண்டியால் அளந்தால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

கலக்கும்போது முதலில் எண்ணெயில் கோகோவையும் சர்க்கரையையும் குழையுங்கள். அப்புறம் பால். கடைசியில்தான் மைதாவும் பேக்கிங் பவுடரும். மாவு விழுந்த பிறகு அடிக்கவே கூடாது, அடித்தால் குளூட்டன் வலுத்து கேக் இழுவையாகும். சின்ன முள்கரண்டியால் சுற்றிக் கலந்து, வெள்ளைக் கோடு மறைந்ததும் நிறுத்துங்கள். கோப்பையின் அடியும் சுவரும் சேரும் அந்த வளைவில் காய்ந்த மாவு ஒட்டிக்கொண்டு நிற்கும். முள்கரண்டியின் நுனியை அங்கே ஒரு முறை முழுச் சுற்று ஓட்டிவிடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, 800 வாட் அடுப்பில் 70 விநாடி. மேலே ஓரமெல்லாம் பளபளப்பு போய் மங்கியிருக்கும், நடுவில் மட்டும் ஒரு நாணய அளவுக்கு ஈர மினுமினுப்பு தெரியும். அந்த நிலையில் எடுத்து 2 நிமிடம் அப்படியே வைத்துவிடுங்கள். உள்ளே தங்கிய சூட்டில் அந்த ஈரமும் வெந்துவிடும். அடுப்புக்குள் இருக்கும்போதே மேல்பகுதி முழுவதும் காய்ந்துவிட்டால் கேக் கெட்டுவிட்டது என்றுதான் அர்த்தம்.

மஞ்சள்கரு:
சல்லடை அக்கா சொன்னதில் மற்றதெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். முட்டையை அடியோடு தள்ளுவதை மட்டும் ஏற்க முடியவில்லை. பவுண்ட் கேக்கில் மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை நான்கும் சம எடை. அது இறுகுவதில்லையே? அப்படிப் பார்த்தால் 30 கிராம் மாவுக்கு 30 கிராம் முட்டை அதிகமே கிடையாது.

நான் மஞ்சள் கருவை மட்டும் சேர்க்கிறேன். எடை 17, 18 கிராம்தான். அதில் கொழுப்பும் இருக்கிறது, எண்ணெயையும் பாலையும் பிரியாமல் கட்டி வைக்கும் லெசித்தினும் இருக்கிறது. இறுக்கும் வெள்ளைக்கரு வெளியே போய்விட்டது. முட்டையில்லாத கோப்பைக் கேக் வாயில் வைத்ததும் உதிர்ந்துவிடுகிறது. மஞ்சள் கரு சேர்த்தால் கரண்டியில் வெட்டி எடுக்கும் பதம் வரும். பாலை ஒரு மேசைக்கரண்டி குறைத்தால் அளவு சரியாகிவிடும். ஒரு முறை செய்து பாருங்கள், வித்தியாசம் முதல் கரண்டியிலேயே தெரியும்.

சல்லடை:
பவுண்ட் கேக்கில் முட்டையோடு சம எடைக்கு வெண்ணெயும் போகிறது தம்பி. அவ்வளவு கொழுப்பு முட்டையின் பிடியைத் தளர்த்திவிடும். அது வேகும் விதமும் வேறு, 160 டிகிரி அடுப்பில் ஒரு மணி நேரம் மெதுவாக. ஒன்றரை நிமிடத்தில் கொதிநிலைக்குப் போகும் கோப்பையில் அந்தக் கணக்கைக் கொண்டுவந்து வைக்க முடியாது.

மஞ்சள் கரு மட்டும் என்றால் சரி, அதற்கு மறுப்பில்லை. ஆனால் உதிர்கிறது என்றால் அனேகமாகப் பால் போதவில்லை. கோகோ தூள் ஈரத்தை நிறைய இழுக்கும். கரைசல் கரண்டியிலிருந்து நாடாவாக விழ வேண்டும், கட்டியாகத் தொப்பென்று விழுந்தால் இன்னும் அரை மேசைக்கரண்டி பால் தேவை.

வாட்கணக்கு:
முட்டைச் சண்டைக்கு நான் வரவில்லை, நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். "2 நிமிடம்" என்று மட்டும் எழுதும் குறிப்பு அரைக் குறிப்புதான். எத்தனை வாட் என்று இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

அடுப்பின் பின்பக்கத்திலோ கதவின் உள்விளிம்பிலோ ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். இரண்டு எண்கள் இருக்கும். 1200 என்பது போன்ற பெரிய எண் அது இழுக்கும் மின்சாரம். 700, 800, 1000 என்று இருப்பதுதான் உணவுக்குப் போகும் பவர். நமக்கு வேண்டியது அது. 800 வாட்டில் 70 விநாடி என்றால் 56,000 ஜூல். அதே சூடு 1000 வாட்டில் 56 விநாடியில் கிடைத்துவிடும், 700 வாட்டில் 80 விநாடி ஆகும். இரவுப்பசியின் அடுப்பு 1000 வாட்டாக இருந்தால், 2 நிமிடத்தில் தேவையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சூடு போயிருக்கிறது. அந்த உபரிச் சூடு என்ன செய்யும்? நீரை ஆவியாக்கி வெளியே அனுப்பும். மிஞ்சுவது காய்ந்த கட்டி.

தகடு அழிந்துபோயிருந்தால் அளந்து பார்க்கலாம். 1 லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, முழு பவரில் சரியாக 1 நிமிடம் வைத்து, கலக்கி மறுபடி அளங்கள். எத்தனை டிகிரி செல்சியஸ் ஏறியதோ அதை 70ஆல் பெருக்கினால் தோராயமான வாட் கிடைக்கும். 11 டிகிரி ஏறினால் 770.

இன்னொன்று, கோப்பையைச் சுழலும் தட்டின் நட்டநடுவில் வைக்காதீர்கள். வீட்டு அடுப்புகளில் அலையின் அதிர்வெண் 2.45 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். உள்ளே சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் சேர்ந்து சில இடங்களில் அதிகச் சூட்டையும் சில இடங்களில் மிகக் குறைந்த சூட்டையும் உண்டாக்கும். நடுவில் வைத்த கோப்பை நின்ற இடத்திலேயே சுற்றும். ஓரமாக வைத்தால் எல்லா இடங்களையும் கடந்து வரும், வேக்காடு சீராகும்.

"உள்ளிருந்து வெளியே வேகும்" என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். அலைகள் வெளிப்பக்கத்திலிருந்து சில சென்டிமீட்டர்தான் வலுவோடு நுழையும். நடுப்பகுதிக்கு அங்கிருந்து சூடு பரவித்தான் போக வேண்டும். எடுத்தபின் 2 நிமிடம் வைக்கச் சொன்னது அதற்காகத்தான்.

இரவுப்பசி:
தகட்டைப் பார்த்தேன், 900 வாட். அப்படியென்றால் 62 விநாடி? முழு பவரா, குறைத்து வைத்து அதிக நேரமா?

வாட்கணக்கு:
62 சரிதான். முதல் தடவை 55இல் நிறுத்திப் பாருங்கள், தேவைப்பட்டால் 5 விநாடிகளாகக் கூட்டலாம். கூட்டினால் சரிசெய்யலாம், கூடிப்போனதைக் குறைக்க வழியில்லை.

பவரைக் குறைப்பதும் நல்ல வழிதான். 70 சதவீதத்தில் வைத்தால் ஒன்றரை நிமிடம் ஆகும், ஆனால் பொங்கி வழிவது குறையும், மேல்பகுதி சமமாக எழும். பல அடுப்புகளில் குறைந்த பவர் என்பது முழு பவர் விட்டு விட்டு வருவதுதான், உறுமல் நின்று நின்று கேட்கும். இன்வெர்ட்டர் வகையில் உண்மையிலேயே குறைந்த பவர் தொடர்ந்து வரும். கேக்குக்கு இன்வெர்ட்டர் மிக நன்றாக இருக்கும்.

சிறுகோப்பை:
கோப்பையைப் பற்றி யாரும் பேசவில்லையே. எவ்வளவு பெரியது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. சல்லடை சொன்ன அளவுக்குக் குறைந்தது 300 மில்லி பிடிக்கும் கோப்பை வேண்டும், 350 இருந்தால் நிம்மதி. கரைசல் பாதிக்கு மேல் வரக்கூடாது. சுவர் நேராக இருக்க வேண்டும், வாய் குறுகினால் ஆவி போக இடமில்லாமல் மேலே தள்ளும்.

விளிம்பில் தங்க நிறக் கோடு, வெள்ளிப் பூ வேலை உள்ள கோப்பை வேண்டவே வேண்டாம், பொறி பறக்கும். மெலமைனும் கூடாது. சந்தேகமான கோப்பை என்றால் அதைக் காலியாக வைத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்து 1 நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் சூடாகி கோப்பை குளிர்ந்தே இருந்தால் நல்ல கோப்பை. கோப்பையே சுட்டால் அது கேக்குக்கு உதவாது, கையையும் சுடும்.

கசப்புப்பிரியை:
நான் வந்தது கோகோவுக்காக. மைக்ரோவேவில் கேக்கைச் சுற்றியிருக்கும் காற்று சூடாவதில்லை. மேல்பகுதி ஈரமாக இருக்கும்வரை 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் அதோடு வரும் மணமும் உண்டாக 140 டிகிரி வாக்கில் சூடு வேண்டும். அதனால்தான் வெனிலா கோப்பைக் கேக் வெளிறி, பச்சை மாவு வாசனையோடு நிற்கிறது. சாக்லேட் கேக் மட்டும் இங்கே தேறுகிறதென்றால், கோகோ விதை ஏற்கனவே வறுபட்டு வருகிறது. நிறமும் வறுத்த மணமும் தூளிலேயே இருக்கின்றன. அப்படியிருக்க, கோகோ விஷயத்தில் சிக்கனம் பார்த்தால் கேக்கில் வேறு என்னதான் இருக்கும்?

தூளில் இரண்டு வகை. இயற்கைக் கோகோ கொஞ்சம் புளிப்பு, பி.எச். (அமில அளவு; 7க்குக் கீழே போகப் போக அமிலம் கூடும்) 5.5 வாக்கில் இருக்கும், நிறம் வெளிர் பழுப்பு. டச்சு முறைக் கோகோவை அமிலத்துக்கு எதிரான காரப்பொருளில் பதப்படுத்தியிருப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் வான் ஹவுட்டன் கொண்டுவந்த முறை அது. பி.எச். 7ஐ ஒட்டி இருக்கும், நிறம் ஆழம், சுவை மென்மை. பேக்கிங் பவுடரில் அமிலம் உள்ளேயே இருப்பதால் இரண்டில் எதுவும் போடலாம். ஆனால் சமையல் சோடா போடும் குறிப்பில் டச்சு வகையைப் போட்டால் சோடாவுக்கு எதிர்வினை புரிய அமிலம் இருக்காது. கேக் எழாது, சோப்பு வாடை வரும். கோப்பைக் கேக்குக்குச் சோடாவை விட்டுவிடுவதே நல்லது, கால் தேக்கரண்டிக்கும் குறைவாகச் சோடாவைச் சரியாக அளப்பது பெரும்பாடு.

மணம் தூக்கலாக வேண்டும் என்றால் பாலையும் எண்ணெயையும் முதலில் கோப்பையில் ஊற்றி 20 விநாடி சூடாக்கி, அதில் கோகோவைப் போட்டு ஒரு நிமிடம் விடுங்கள். தூள் ஊறி, கட்டி கரைந்து, கரைசல் பளபளவென்று கறுக்கும். மூக்கை அருகில் கொண்டுபோனாலே தெரியும். இப்படிச் செய்தால் கடைசியில் வேகவைக்கும் நேரத்தில் 8, 10 விநாடி குறைத்துக்கொள்ளுங்கள், ஏற்கனவே சூடு உள்ளே போயிருக்கிறது. அரை தேக்கரண்டி உடனடிக் காபித்தூள் சேர்த்தால் காபி தெரியாது, சாக்லேட்தான் கூடுதலாகத் தெரியும். உப்பை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

மூவர்வீடு:
நான் குழந்தைகளுக்கும் செய்து தருவதுண்டு. நடுவில் கூழாக இருந்தால்தான் அவர்களுக்குப் பிடிக்கிறது. நேரத்தைக் குறைத்து நடுவை வேகாமல் விட்டால் தவறா?

சல்லடை:
தவறுதான், வேண்டாம். மைதா பச்சைப் பொருள். அரைக்கும்போது அதில் கிருமி சாகும் அளவுக்கு எந்தச் சூடும் படுவதில்லை. சால்மோனெல்லா, ஈ.கோலை இரண்டுமே மாவில் இருக்க வாய்ப்புண்டு. முட்டை சேர்த்தால் கவலை இன்னும் ஒரு படி கூடும், முட்டை கலந்த பண்டம் 71 டிகிரியையாவது எட்ட வேண்டும். நான் முன்பு சொன்ன நாணய அளவு மினுமினுப்பு மேற்பரப்பில் மட்டும் இருப்பது, 2 நிமிடத்தில் அதுவும் மறைந்துவிடும். மறையாமல் பச்சையாகவே இருந்தால் இன்னும் 10 விநாடி ஓட்டுங்கள். உணவு வெப்பமானி இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள், 95 டிகிரி காட்டினால் வெந்தாயிற்று.

கூழான நடுப்பகுதி வேண்டுமென்றால் அதைச் சாக்லேட்டால் கொண்டுவாருங்கள், வேகாத மாவால் வேண்டாம். குழந்தைகள் கையில் கொடுக்கும்முன் 5 நிமிடமாவது ஆறட்டும். உருகிய சாக்லேட் நாக்கில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும்.

வாட்கணக்கு:
சாக்லேட் வைக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். 10 முதல் 15 கிராம் கறுப்புச் சாக்லேட், ஒரே துண்டாக. கரைசலை ஊற்றியபின் நடுவில் வைத்துப் பாதி ஆழம்வரை அழுத்தி, மேலே கரைசல் மூடும்படி விடுங்கள். கோகோ வெண்ணெய் 34 டிகிரியிலேயே உருகிவிடும், ஆகவே கேக் வேகும் நேரத்தில் அது உருகுமா என்ற கவலையே வேண்டாம். மேலே தூவினால் கருகும். சாக்லேட்டில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை, எனவே 100 டிகிரியில் அது நிற்காது. அடியில் விட்டால் கோப்பையோடு ஒட்டிக் கெட்டியாகும்.

சாக்லேட்டுக்கும் இந்த அடுப்புக்கும் பழைய தொடர்பு உண்டு. ரேதியான் நிறுவனத்தில் ரேடாருக்கு மைக்ரோவேவ் அலைகளை உண்டாக்கும் மேக்னட்ரான் குழாய்களில் வேலை செய்த பெர்சி ஸ்பென்சர், தன் சட்டைப் பையில் இருந்த மிட்டாய்த் துண்டு உருகியதைக் கவனித்ததில்தான் இது தொடங்கியதாகச் சொல்வார்கள். காப்புரிமைக்கு 1945இல் விண்ணப்பித்தார், 1950இல் கிடைத்தது. 1947இல் வந்த முதல் அடுப்பு சுமார் 340 கிலோ எடை, ஆள் உயரம். சமையலறை மேடையில் வைக்கும் அளவுக்குச் சுருங்கி வீடுகளுக்கு வந்தது 1967இல். இன்றும் உள்ளே இருப்பது அதே மேக்னட்ரான்தான்.

புதுக்கரண்டி:
சில சந்தேகங்கள். சர்க்கரையைப் பாதியாக்கலாமா? மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு? ஒரே நேரத்தில் இரண்டு கோப்பை வைக்கலாமா? ஆறிய பிறகு ஏன் கல்லாகிறது?

சல்லடை:
சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. அது நீரைப் பிடித்து வைக்கும், மாவுச்சத்து இறுகும் வெப்பநிலையையும் உயர்த்தும், கேக் மெத்தென்று வருவதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. 3 மேசைக்கரண்டியை 2 ஆக்கலாம், அதற்குக் கீழே போனால் இறுக்கம் தெரியும். நன்றாகப் பழுத்த வாழைப்பழம் 2 மேசைக்கரண்டி மசித்துச் சேர்த்தால் சர்க்கரை ஒன்றரையே போதும், பாலையும் ஒரு மேசைக்கரண்டி குறையுங்கள். கோதுமை மாவு போடலாம், தவிடு நீர் குடிக்கும் என்பதால் பால் ஒரு மேசைக்கரண்டி கூடுதல், கலந்ததும் 5 நிமிடம் ஊறவிடுங்கள்.

இரண்டு கோப்பை சேர்த்து வைத்தால் அதே பவர் இரண்டாகப் பிரியும், நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், ஒன்று வெந்து மற்றது வேகாமல் நிற்கும். ஒன்று எடுத்து ஆறும்போது அடுத்ததை வையுங்கள்.

ஆறினால் கல்லாவது இந்தக் கேக்கின் குணம். மைக்ரோவேவில் ஈரம் வேகமாக வெளியேறுகிறது, ஆறும்போது மாவுச்சத்து மறுபடி இறுகிக்கொள்கிறது. வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் சொன்னதும் இதற்காகத்தான். வெண்ணெய் ஆறினால் உறையும், எண்ணெய் உறையாது. எப்படியிருந்தாலும் கால் மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். நாளைக்கு எடுத்து வைக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

மஞ்சள்கரு:
ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். மைதா ஆகாதவர்கள் பாதாம் மாவில் செய்வார்கள். அதில் குளூட்டனும் கிடையாது, மாவுச்சத்தும் மிகக் குறைவு. கேக்கைப் பிடித்து நிறுத்த வேறு ஆளே இல்லை. அங்கே முழு முட்டை கட்டாயம் வேண்டும், வெள்ளைக்கருவோடு. பாதாம் மாவு 4 மேசைக்கரண்டி, ஒரு முட்டை, கோகோ ஒன்றரை, சர்க்கரை 2, எண்ணெய் 1, பேக்கிங் பவுடர் கால் தேக்கரண்டி. பால் வேண்டாம். பாதாமில் இருக்கும் கொழுப்பு முட்டையை இறுகவிடாது.

சல்லடை:
இதில் நான் மஞ்சள்கரு பக்கம்தான். பாதாம் மாவில் முட்டையை விட்டால் கரண்டி பட்டதும் பொடியாகும்.

கசப்புப்பிரியை:
அடிக்கடி செய்பவர்களுக்கு ஒரு யோசனை. உலர்ந்த பொருள்களை முன்கூட்டியே கலந்து ஜாடியில் போட்டுவிடுங்கள். பத்துக் கோப்பைக்கு: மைதா 300 கிராம், சர்க்கரை 370, கோகோ 110, பேக்கிங் பவுடர் இரண்டரை தேக்கரண்டி, உப்பு அரை தேக்கரண்டி. கோகோ கட்டி தட்டும், அதனால் எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு முறை சலித்துவிடுங்கள். ஈரம் படாத மூடி முக்கியம், ஈரம் பட்டால் பேக்கிங் பவுடர் ஜாடிக்குள்ளேயே வேலையை முடித்துவிடும். சர்க்கரை கனம் என்பதால் அடியில் தங்கும், ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு எடுங்கள்.

கரண்டியில் அளப்பதைவிடத் தராசு நல்லது: ஒரு கோப்பைக்குக் கலவை 79 கிராம், பால் 60 மில்லி, எண்ணெய் 30 மில்லி. ஜாடியின்மேல் இந்த மூன்று எண்களோடு உங்கள் அடுப்பின் வாட்டையும் விநாடியையும் எழுதி ஒட்டிவிட்டால், வீட்டில் யார் வேண்டுமானாலும் கேட்காமலே செய்துகொள்வார்கள்.